ஊதிக் காட்டியவர்

குடியை நிறுத்த என் தம்பியைச் சேர்த்திருந்த பசுமலை மறுவாழ்வு இல்லத்தின் வாசல் காவலர் ஒரு பழைய குடிகாரர். காக்கிச் சட்டை, ஒட்டிய கன்னம். பார்க்க வரும் எல்லோரையும் ஊதச் சொல்லி, மோந்து பார்த்துத்தான் உள்ளே விடுவார். பிறகு தானும் நம் முகத்தில் ஊதுவார்.

"நீங்களும் பாத்துச் சொல்லுங்கண்ணே. என் வாடை எனக்குத் தெரியாதுல்ல."

வாராவாரம் "இல்லண்ணே" என்பேன். அது உண்மையாகவும் இருந்தது.

தம்பியைக் கூட்டிப்போகச் சென்ற அன்று, அவர் ஊதியதும் பிராந்தி வாடை குப்பென்று அடித்தது.

"ஒண்ணுமில்லண்ணே" என்றேன்.

என்னையே பார்த்தார். "எங்க வீட்லயும் இப்பிடித்தாண்ணே சொல்லுவாக" என்று கேட்டைத் திறந்துவிட்டார்.

ஊருக்குத் திரும்பும்போது வாடிப்பட்டி வரை பஸ்ஸில் அவர் சொன்னதே காதில் இருந்தது. பக்கத்தில் தம்பி. அவனை ஊதச் சொல்ல இன்றுவரை எனக்கு வாய் வரவில்லை.