எண்ணூறு கோடி ஒளியாண்டும் ஒரு கிட்டப்பார்வையும்

செங்கல்பட்டு பஜாரில் இருபத்திரண்டு வருஷமாக மூக்குக்கண்ணாடிக் கடை நடத்திய மதார் சாகிபுக்கு, தூரத்து விஷயமெல்லாம் தன் இலாகா என்று நினைப்பு. சந்திரனில் மனிதன் இறங்கியதை டீக்கடையில் விளக்கியவர் அவர்தான். 1975-இல், வடவானத்தில் எண்ணூறு கோடி ஒளியாண்டுக்கு அப்பால் மங்கலான ஒரு நட்சத்திர மண்டலத்தை அமெரிக்காவில் கண்டறிந்ததாகப் பேப்பரில் வந்தது. பெரிய தொலைநோக்கியைப் பல ராத்திரி அதே பக்கம் திருப்பி, துளித்துளியாக வெளிச்சம் சேர்த்துப் பிடித்தார்களாம். செய்தியைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டீக்கடைக்கு விரைந்தார்.

அவருடைய நாற்காலியில் மச்சினன் ரஹ்மத்துல்லா உட்கார்ந்திருந்தான். மாமல்லபுரம் ஓட்டல் ஒன்றில் சர்வர்.

"பேப்பர்ல இன்னா மச்சான் பட்ச்சிகினு கீறீங்க? நான் கண்ணாலயே பாத்துட்டேன். எங்க ஓட்டல்ல ஒரு ஜெர்மன்காரன் மொட்ட மாடில குழாய் வச்சிகினு வடக்கால காட்டினான். பஞ்சு மாரி கீது!"

"எந்த மாரி பஞ்சு? தலகாணியா, இலவமா?" என்று நெருங்கி உட்கார்ந்தார் மளிகைக்கடை செங்கல்வராயன்.

கத்தரித்த செய்தி பையை விட்டு வெளியே வரவேயில்லை. வீட்டிலாவது நிம்மதி உண்டா? "என் தம்பி வானத்தையே பாத்துட்டு வந்துகீறான். நீங்க இன்னாத்த பாத்தீங்க?" என்றாள் மனைவி லத்தீஃபா. அன்றைக்குத் தம்பிக்குத்தான் பெரிய கறித்துண்டு.

கண் சோதிக்கும் பலகையில் எழுத்து தெரியாமலே வெட்கத்தில் "தெரியுது, தெரியுது" என்கிற வாடிக்கைக்காரர்களை மதார் சாகிப் நிறையப் பார்த்தவர். ஓட்டல்காரனும் விருந்தாளியிடம் தெரியவில்லை என்று சொல்லமாட்டான். போதாததற்கு, இந்தப் பயல் சுவர்க் கடிகாரத்தையே கண்ணை இடுக்கித்தான் பார்க்கிறான். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் டீக்கடைக் கூட்டத்தையே சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு, மச்சினனைக் கடையில் எழுத்துப் பலகைக்கு எதிரே உட்கார வைத்தார்.

"மூணாவது வரி படிடா."

"எறும்பு ஊறுதா மச்சான்?"

"பாத்துக்குங்க!" மதார் சாகிப் துள்ளினார். "எதிர் சுவத்து எழுத்து தெரியல. எண்ணூறு கோடி ஒளியாண்டு தெரிஞ்சிச்சாம்!"

செங்கல்வராயன் வாயைப் பிளந்தார். "அட, இந்தக் கண்ணுக்கே பஞ்சு மாரி தெரிஞ்சிதுன்னா, அந்தக் குழாய் எம்மாம் ஜோரா இருக்கணும்!"

கூட்டமும் ஆமென்றது. தம்பிக்குக் கண் கெட்டிருப்பது தெரிந்த லத்தீஃபா, அன்றே கண்ணாடி போடச் சொல்லி உத்தரவிட்டாள். தடித்த கறுப்பு பிரேமில் ரஹ்மத்துல்லா, காலேஜ் புரொபசர் மாதிரியே ஆகிவிட்டான்.

அடுத்த வாரம் டீக்கடையில் இடமே இல்லை.

"கண்ணாடி போட்டுகினு மறுபடி பாத்தேன். இப்ப ஓரமெல்லாம் பளிச்சினு கீது!"

நின்றபடியே டீ குடித்த மதார் சாகிபுக்கு, அந்தக் கண்ணாடிக்குப் பவரைச் சரியாகப் போட்டுத் தொலைத்தோமே என்றுதான் வயிறு எரிந்தது.