ஆடு பிடிக்கவில்லை அவளுக்கு

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். போலீஸ்காரர்களே நம்பவில்லை. ஆனால் இது நடந்தது. என் தம்பியின் கழுத்தில் பதினேழு தையல் இருக்கிறது.

நான் அர்கீரிஸ். சாமோஸ் தீவில் கசாப்புக்காரன். போருக்குப் போகும் முன் ஆண்டனியும் கிளியோபாட்ராவும் கூத்தும் குடியுமாகக் கொஞ்சிக் கிடந்தது எங்கள் தீவில்தான். அந்த விருந்துக்கு ஊருக்கொரு காளை பலிக்கு வந்ததாம். எங்களுக்கு அதெல்லாம் பழங்கதை. மாதா திருவிழாவுக்குக் கோதுமையும் இறைச்சியும் போட்டுக் கிண்டும் அண்டாதான் முக்கியம்.

மதியம் இரண்டிலிருந்து நாலு வரை ஊரே தூங்கும். அது பேய் உலவும் நேரம் என்பார்கள், அப்போது கத்தி எடுக்க மாட்டோம். அன்றைக்கு ஆடுகள் தாமதமாக வந்தன. தம்பி லூக்காஸ் நச்சரித்தான்.

"தூங்கினா அண்டா எப்பண்ணே கொதிக்கும்? பேய் வந்தா அதுக்கும் ஒரு தட்டு வைப்போம்."

"வாயைக் கழுவுடா."

திட்டிவிட்டு நானே கத்தியைத் தீட்டினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

2.10. முதல் ஆட்டை அறுத்தேன். எங்கோ குழலோசை. வானொலியைப் பார்த்தேன். அணைந்திருந்தது.

2.14. வேலியோரம் ஓர் ஆணும் பெண்ணும். அவன் தலையில் இலைக்கொடி சுற்றியிருந்தது. அவள் அவன் தோளில் சாய்ந்து சிரித்தாள். சுற்றுலா வந்த ஜோடி என்று நினைத்தேன். வெயில் கொளுத்தியது. இருவருக்கும் நிழல் விழவில்லை.

"அண்ணே... ஆடெல்லாம் ஏன் மண்டி போட்டிருக்கு?"

அவள் ஆடுகளைப் பார்த்தாள். உதட்டைச் சுளித்தாள். பிறகு லூக்காஸைப் பார்த்தாள். காளை மாதிரி வளர்ந்தவன் அவன்.

அவன் கழுத்தில் ஒரு மாலை விழுந்தது. அசட்டுத்தனமாகச் சிரித்தான்.

குழல் நின்றது.

'தொப்'... பின்மண்டையில் அடி. தம்பி சரிந்தான். அவன் கழுத்து திறந்தது... சூடான ரத்தம் என் கண்ணில் அடித்தது. அந்த ஆண் கைதட்டினான். 

என் சட்டையைக் கழற்றிக் காயத்தில் அமுக்கினேன்.

"லூக்காஸ்... என்னைப் பாருடா... செத்துத் தொலைக்காதடா..."

2.19. வேலியோரம் யாருமில்லை.

பிழைத்துவிட்டான். பதினோராம் நாள்தான் பேச்சு வந்தது. யார் வெட்டியது என்று போலீஸ் கேட்டது. ஞாபகமில்லை என்றான். அவர்கள் வெளியே போனதும் கதவைச் சாத்தச் சொன்னான். நான் கட்டிலில் உட்கார்ந்தேன். சுவரோரம் ஒதுங்கிக்கொண்டான்.

"மாலையை அவ உன்கிட்டதாண்ணே நீட்டினா. நீதான் வாங்கி எனக்குப் போட்டே. அப்புறம் சிரிச்சுக்கிட்டே வெட்டுனே."