போறேன் என்று சொல்லவைத்தேன்

என் மனைவி தனத்துக்குப் பேய் பிடிக்கவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அவளைப் பேயோட்ட இழுத்துப்போனேன்.

பல்லைக் கடிக்கிறீர்களா? கடியுங்கள்... நீங்கள் திட்டுவதற்கு முன்பே என்னை நான் திட்டித் தீர்த்தாயிற்று.

அப்போது அவளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு அழ ஆரம்பித்தாள். அரிசி களையும்போது அழுவாள், துணி பிழியும்போது அழுவாள். மண்ணூர்பேட்டையில் எங்கள் வீட்டுச் சுவர்தான் பக்கத்து வீட்டுக்கும் சுவர். நான் ஷிப்டு முடிந்து வந்தால் தெருவே என்னைப் பார்க்கும். ஏன் அழுகிறாள் என்று ஒருவர் யோசித்தாலும் விரல் என் பக்கம்தான் நீளும். பேய் என்று சொல்லிவிட்டால்? என்னை யார் கேட்கப்போகிறார்கள்!

குமணன்சாவடி தாண்டி ஒரு பூசாரி இருந்தார். உடுக்கை அடித்து, வேப்பிலையால் விளாசி, "போறியா இல்லியா? சொல்லு" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தனம் என்னைப் பார்த்தாள். நான் கண்ணைக் காட்டினேன்... சொல்லித் தொலை என்று.

"போறேன்" என்றாள்.

அன்றோடு அழுகை நின்றது. அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். நிம்மதியாகத் தூங்கினேன். வெட்கங்கெட்டவன் நான்.

இப்போது அவளுக்கு அறுபது தாண்டிவிட்டது. நானும் ரிட்டையராகி வீட்டோடு கிடக்கிறேன். இத்தனை வருடம் பார்க்காததைப் பகலெல்லாம் பார்க்கிறேன். அவள் அழுவதே இல்லை. கால் வலி, முதுகு வலி என்பாள். அதையும் யாருடைய வலியையோ சொல்வதுபோல் சொல்வாள். அடுப்பு எரிந்துகொண்டிருக்கும், மேலே பாத்திரம் இருக்காது. அதையே பார்த்தபடி நிற்பாள். கூப்பிட்டால் திரும்பிச் சிரிப்பாள். வாசல்வரை போய்விட்டு நான் திரும்பி வந்தாலும் அந்தச் சிரிப்பு முகத்தில் அப்படியே இருக்கும்... கட்டிய மனைவியிடமே எனக்குப் பயமாக இருக்கிறது.

"இன்னா தனம், உடம்புக்கு இன்னா பண்ணுது?"

"ஒண்ணும் இல்லியே. நல்லாத்தான கீறேன்."

வயதானால் எல்லாரும் இப்படித்தான் என்றாள் என் அக்கா. எனக்கும் அது வசதியாக இருந்தது. மகள்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "நைனா, அம்மாவுக்கு இது மனசு நோவு. வயசாக ஆக அழுகையா வராது, இப்டித்தான் வரும். டாக்டராண்ட இட்டுனு போ" என்று போனில் சண்டை பிடித்தாள்.

அழைத்துப்போனேன். டாக்டரம்மா இளவயதுக்காரர், பொறுமையானவர். தனத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "மனசுல என்ன இருக்கோ சொல்லுங்கம்மா. அவசரமே இல்ல" என்றார்.

தனம் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் சாய்ந்து, காதோடு கேட்டாள்.

"இன்னா சொன்னா ஊட்டுக்கு வுடுவாங்க?"

அன்று கண்ணைக் காட்டியவன், இப்போது கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன்.