ஏழு பேருக்கு ஒரே அப்பா

தொண்ணூறுகளின் நடுவில், உயிரியலின் தத்துவத்தில் ஆராய்ச்சிப் பட்டம் எங்கே படிக்கலாம் என்று கேட்டால் சென்னையில் சொல்ல ஆளில்லை. நான் படித்த விலங்கியல் துறையில் "தத்துவத்துல போய்க் கேளு" என்றார்கள். தத்துவத் துறையிலோ "அது சயின்ஸாச்சே" என்றார்கள். கடைசியில் ஒரு நூலகத்தில் தலையணைப் பருமனில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் கையேடு கிடைத்தது. அதைப் புரட்டி மூன்று முகவரிகளைக் கண்டெடுத்தேன். இரண்டிலிருந்து வருத்தம் தெரிவித்தார்கள். மூன்றாவதில், ஏன் இதைப் படிக்க விரும்புகிறேன் என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பச் சொன்னார்கள்.

உண்மையையே எழுதினேன். அப்பா பிணவறையில் உதவியாளர். பள்ளிக்கூடம் போனதில்லை. ஒருநாள் சோற்றைப் பிசைந்தபடி, "செத்த பின்னாலயும் கொஞ்ச நேரம் உள்ள ஏதோ ஓடிக்கினுதான் கீது. அப்ப எதடா சாவுன்றீங்க?" என்று கேட்டார். அதற்குப் பதில் தேடித்தான் வருகிறேன் என்று முடித்திருந்தேன். தி.நகரில் டி.டி.பி. கடை வைத்திருந்த ஓர் அக்கா கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுத்தார்.

ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. உங்கள் ஊரிலிருந்து இன்னொருவரும் வேறு துறைக்கு விண்ணப்பித்திருக்கிறார். அவருடைய தந்தையும் பிணவறையில்தான் வேலை செய்கிறார். சாப்பிடும்போது இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். தக்க விளக்கம் வராவிட்டால் இரண்டு விண்ணப்பங்களையும் நிராகரிப்போம் என்றிருந்தது. நல்ல வெயிலில் நின்று படித்தேன்.

நேரே கடைக்குப் போனேன். அக்கா பதறவே இல்லை.

"உன்து சூப்பரா கீது தம்பி. அத்த வெச்சுத்தான் எல்லாருக்கும் போடறேன். பேரு, பாடம், ரெண்டுதான் மாத்துவேன்."

"எங்கப்பாவையுமாக்கா போட்டீங்க?"

"அவுங்க அப்பாலாம் பேங்க்கு, ஆபீசு. அதுல இன்னாத்த எழுதறது? வெள்ளக்காரனுக்கு உங்கப்பாதாம்பா புடிக்குது."

ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். என்னோடு சேர்த்து ஏழு பேர். இயந்திரப் பொறியியல் படிக்கப் போகிறவனிடமும், வணிக மேலாண்மை படிக்கப் போகிறவளிடமும் அப்பா சோற்றைப் பிசைந்தபடி நிமிர்ந்து அதையே கேட்டார். ஏழாவதைப் படித்தபோது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அவர் நிஜமாகவே கேட்டாரா, இல்லை, நான் எழுதியதால் கேட்டதுபோல் இருக்கிறதா?

வீட்டுக்கு வந்து, "அந்தக் கேள்வி நீதானப்பா கேட்ட?" என்றேன்.

நடந்ததைச் சொன்னதும் அப்பா சிரித்தார். "ஏழு புள்ளைங்களா? உங்கம்மா காதுல போட்டுறாத."

கேட்டாரா இல்லையா என்று சொல்லவில்லை.

நடந்ததையெல்லாம் நானே கையால் எழுதி, கீழே அவரைச் சாட்சிக் கையெழுத்து வைக்கச் சொன்னேன். கையெழுத்துப் போடத் தெரியாது; மைப்பெட்டியை நீட்டினேன். அடையாளம் தெரியாத உடல்களுக்குப் போலீஸ் ரேகை எடுக்கும்போது விறைத்த விரல்களை நீட்டிப் பிடிப்பது அவர் வேலை. தன் இடது பெருவிரலை வலது கையால் பற்றினார். நீவினார். நிமிர்த்தினார். மையில் தோய்த்து, தாளில் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை உருட்டினார். அந்த விரல் தானாக அசையவே இல்லை.

அந்த ரேகையை நம்பித்தான் எனக்கு இடம் கொடுத்தார்கள். அன்றைக்கு நான் தாளைப் பார்க்கவே இல்லை; அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கைய மடக்குப்பா" என்றேன்.

"இன்னாத்துக்கு?"

"சும்மா. மடக்கேன்."

மடக்கினார்.