வெள்ளைப் பட்டை போட்ட டயர்கள்

பழைய டயரை உலையில் போட்டு எண்ணெய் வடிக்கும் கம்பெனிகள் எங்கள் கும்மிடிப்பூண்டிப் பக்கம் உண்டு. காற்று நம் பக்கம் திரும்பினால், காயப்போட்ட வெள்ளைத் துணியைக் கறுப்பாகத்தான் எடுத்து மடிக்க வேண்டும். அந்த நாற்றம் தலைமுடியில் ஏறும், சோற்றிலும் ஏறும். என் கணவர் தன் ஸ்போர்ட்ஸ் காருக்கு டயர் தேடிப் போனது அப்படி ஒரு கம்பெனியின் கிடங்குக்கு. உலகத்தில் வேறு இடமே கிடைக்கவில்லை அந்த மனிதருக்கு.

கார் என்றால் அசல் கார் இல்லை. கவரைப்பேட்டையில் அவருக்கு ஒரு வெல்டிங் பட்டறை இருக்கிறது. ஓடி முடிந்த ஒரு சின்னக் காரின் இன்ஜினையும் அடிச்சட்டத்தையும் வாங்கி, அதன்மேல் ஃபைபரில் சிவப்பாக ஒரு கூடு வார்த்து, அறுபது வருஷத்துக்கு முந்தைய சீமைக் கார் மாதிரியே செய்திருந்தார். கூரை கிடையாது, இரண்டே இருக்கை. மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு விடுவதாகத் திட்டம். காரைப் பற்றி எனக்குப் புகார் இல்லை, அழகாகவே இருந்தது. டயரில்தான் எங்களுக்குச் சண்டை.

அவர் போனில் வைத்திருந்த படத்தில் அந்தக் காருக்கு ஒல்லியான, உயரமான டயர். ஓரத்தில் வெள்ளைப் பட்டை. கடையில் கிடைப்பதெல்லாம் குண்டு குண்டாக இருக்கிறது, காரின் முகவெட்டே போய்விடும் என்று ஒரு மாதம் புலம்பினார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கு டயர்களோடு வந்து இறங்கினார். வெளிநாட்டில் கழித்துக்கட்டி, கப்பலில் குப்பையாக வந்து, எரிப்பதற்காகக் குவித்திருந்ததில் பொறுக்கியது. உள்ளே தேங்கிய தண்ணீரில் கொசுப்புழு நெளிந்தது. அவரோ கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி சோப்புப் போட்டுக் கழுவி, பாலிஷ் பூசி, வெள்ளை எனாமலில் பட்டையும் இழுத்தார்.

நான் பதினோரு வருஷமாக ஒரு ரப்பர் கம்பெனியில் கடைசி சோதனை மேஜையில் நிற்கிறவள். உயிருள்ள ரப்பர் நகத்தால் அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பி வரும். இது திரும்பவில்லை. ஓரத்தை வளைத்துப் பார்த்தேன், மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. டயரின் பக்கவாட்டில் அது செய்யப்பட்ட வாரமும் வருஷமும் நாலு எண்ணாகப் பொறித்திருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதினாலு வயதான எங்கள் மகளைவிட இரண்டு வயது மூத்த டயர்.

“இது செத்த ரப்பருங்க. ரோட்ல சூடானா வெடிக்கும்,” என்றேன்.

“இன்னாடி பேசற? பட்டன் பாரு, அப்டியே கீது. இந்த டயரு ஓடவே இல்ல.” தரையில் படுகிற அந்தப் பூவேலையைத்தான் பட்டன் என்பார்கள். அது தேயவில்லை என்பது வாஸ்தவம்தான்.

“ஓடாம கெடந்தாலும் ரப்பருக்கு வயசாவும்.”

“ஊர்வலத்துல போற வண்டி. மேளக்காரன் நடக்கற வேகம். அதுக்குப் போய் வெடிக்குதாம்!”

மண்டபம் வரைக்கும் வண்டி பறந்தா போகும்? டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே நெடுஞ்சாலையில்தானே போகவேண்டும்? அதைவிட, முதல் ஓட்டமே பெரியபாளையம் கோயிலுக்குப் பூஜை போட. பக்கத்து இருக்கையில் மகள் உட்காருவதாக அப்பாவும் பெண்ணும் பேசி வைத்துவிட்டார்கள். நான் கரடியாகக் கத்தினேன். “உன் வேலைய உன் கம்பெனியோட வச்சிக்கோ,” என்றார்.

டயரை வீலில் மாட்டப் பஞ்சர் கடைக்குக் கொண்டுபோனார். விடாமல் நானும் கூடப் போனேன். கடைக்காரர் கட்டைவிரலால் ஒரே ஒரு அழுத்து அழுத்திவிட்டு, “இது வேலைக்கு ஆவாது நைனா,” என்றார். அவ்வளவுதான். என் கணவர் பவ்யமாகத் தலையை ஆட்டினார். “நல்லவேள சொன்னீங்க.” நல்லவேளையாம்! ஒரு வாரமாக என் தொண்டை வற்றியது அந்தக் காதில் ஏறவே இல்லை. அந்த முகத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் புது டயர் நான்கு வந்தது. கோயில் வாசலில் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது, மகள் கையை ஆட்டிக்கொண்டே போய்த் திரும்பி வந்தாள். எனக்கு அது போதும் என்று இருந்தது.

இரண்டு வாரம் கழித்து வீட்டின் பின்பக்கம் பெருக்கும்போதுதான், பழைய டயர்கள் கிடந்த மூலை காலியாக இருப்பதைக் கவனித்தேன். அவர் மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்கே அந்த டயரெல்லாம் என்று கேட்டேன்.

“வேன்காரத் தம்பிக்குக் குட்த்துட்டேன். அளவு கரெக்டா கீதுன்னான்.”

“தெரிஞ்சேவா குட்த்தீங்க?”

“நம்ம வண்டியா அது? சும்மா பேஜாரு பண்ணாத.” சொல்லிவிட்டு மீனில் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். அந்த மனிதரை அப்போது வெறுத்தேன். என்மேலும்தான் வெறுப்பாக இருந்தது. மகள் பத்திரமாக வந்ததும், அந்த நான்கும் என்ன ஆகும் என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லையே.

அந்த வேன் எனக்குத் தெரியும். ரயிலடியிலிருந்து தொழிற்பேட்டைக்குப் பெண்களை ஏற்றிப்போகிற வேன். மறுநாள் காலை ஸ்டேஷன் வாசலில் கிளம்பத் தயாராக நின்றது, நான்கு சக்கரத்திலும் வெள்ளைப் பட்டையோடு. எட்டுப் பேர் உட்காரும் இடத்தில் பதினைந்து பெண்கள் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்து நெருக்கிக்கொண்டு இருந்தார்கள். பாதிப் பேர் என் மகளைவிட நாலைந்து வயது பெரியவர்கள், அவ்வளவுதான்.

கதவைப் பிடித்துக்கொண்டேன். “தம்பி, வண்டிய எடுக்காத. டயரு நாலும் செத்தது, எப்போ வேணா வெடிக்கும்.”

அவன் இறங்கி வந்தான். விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தான்.

“இன்னா அண்ணி, நீங்களே இப்டிச் சொல்றீங்க? பழசாக்கீதேன்னு நான் அப்பவே அண்ணன்கிட்ட கேட்டேன். ‘எம் பொண்டாட்டி ரப்பர் கம்பெனில செக்கிங்ல கீறா, அவளே நகத்தால அழுத்திப் பாத்து நல்லாக்கீதுன்னுட்டா’ன்னாரு. உங்கள நம்பித்தான் மாட்டினேன்.”