ரேடியோ வாயை மூடிய நாள்

என் அக்கா வீட்டுக்காரருக்கு எங்கள் வட்டாரத்தில் ரேடியோ என்று பெயர். கடற்கரையில் இருக்கிற பழைய புத்த விகாரையில் அவர் வழிகாட்டி. நான் அங்கேயே கடல்வாசலில் நுழைவுச்சீட்டு கொடுப்பவள். அத்தானுக்கு இடுப்பில் சின்ன ஒலிபெருக்கி, கன்னத்தோடு ஒட்டிய மைக், தலையில் வெளுத்துப்போன தொப்பி. அவர் பேச ஆரம்பித்தால் நிறுத்துகிற குமிழ் எங்கே இருக்கிறது என்று என் அக்காவுக்கே தெரியாது. வீட்டில் தண்ணீர்க் குழாய் ஒழுகினால்கூட, அது எந்த நூற்றாண்டில் ஒழுகத் தொடங்கியது என்பதிலிருந்துதான் ஆரம்பிப்பார்.

விகாரையில் மிச்சமிருப்பது ஒரு செங்கல் தூபியின் பாதி, கொஞ்சம் தூண்கள், கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் ஒரு கல் புத்தர். உப்புக்காற்று அவர் மூக்கைத் தின்றுவிட்டது, சிரிப்பை விட்டுவைத்திருக்கிறது. மற்றதையெல்லாம் அத்தான் வாயாலேயே கட்டி எழுப்பிவிடுவார். புயலில் மாட்டிய கப்பலில் பாரத்தைக் குறைக்க இந்தச் சிலையைக் கடலில் இறக்கினார்களாம். கல் புத்தர் மூழ்காமல் முன்னால் மிதந்து, கப்பலுக்கு வழி காட்டிக்கொண்டே வந்து, இந்தக் கரையில் ஒதுங்கினாராம். அந்தக் கப்பலின் நங்கூரக் கல் என்று தூபிக்குப் பக்கத்தில் ஒன்று கிடக்கிறது. இது தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிற கதை. இதில் அத்தானுக்குப் பங்கில்லை.

அவர் பங்கு அடுத்தது. கரையேறிய புத்தர் பயணக் களைப்பில் அசந்து தூங்கிவிட்டாராம். தூக்கம் கலையக் கூடாதென்று பிக்குகள் மூச்சுக்காட்டாமல் சுமந்து வந்தார்களாம். அதனால், நங்கூரக் கல்லைத் தொட்டு மனதில் ஒன்றை நினைத்துக்கொண்டு, கடல்வாசல் வரை ஒரு வார்த்தை பேசாமல் நடந்தால் நினைத்தது நடக்குமாம்.

இந்தக் கதை பிறந்த அன்று நானும் இருந்தேன். காலையிலிருந்து ஓயாத கூட்டம். அத்தானுக்குத் தொண்டை கட்டிவிட்டது. கேள்வி மேல் கேள்வி கேட்டு அரித்த ஒரு கும்பலை எப்படிச் சமாளிப்பது என்று தவித்தவர், கல்லைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், அவிழ்த்துவிட்டார். கும்பல் கப்சிப். அவர் நிம்மதியாக என் கவுண்டருக்கு வந்து ஒரு குவளை வெந்நீர் குடித்தார். அடுத்த வாரமே "அந்தப் பேசாத நடை எங்கே?" என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். அப்புறம் அந்தக் கதையைத் திரும்பப் பிடிக்க முடியவில்லை.

அக்கா மகள் அதைக் கேட்டே வளர்ந்தவள். பரீட்சைக்காக நடந்தாள், வேலைக்காக நடந்தாள், இரண்டும் கிடைத்தன. அது கட்டின கதை என்று அவளிடம் சொல்ல எனக்கும் அத்தானுக்கும் மனம் வரவில்லை.

அந்தப் பெண்தான் போன மாதம் பெட்டியும் கையுமாகப் பிறந்த வீட்டுக்கு வந்து நின்றாள். மருமகன் அவளை ஒரு வார்த்தை கேட்காமல் குடிபோக வேறு வீடு பார்த்துப் பேசி முடித்துவிட்டான். அவள் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு அங்கிருந்து பஸ் மாறி மாறித்தான் போக வேண்டும். "என்னைக் கேக்காம எடுத்த வீட்டுல நீங்களே இருங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே சமைத்தாள். அத்தான் தூபியின் வயதைப் பற்றி இன்னும் உரக்கப் பேசினார். பயந்தால் அவர் அப்படித்தான்.

ஒரு சனிக்கிழமை மதியம் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள் என் கவுண்டர் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். வீட்டில் விசாரித்துவிட்டு மருமகன் நேராக அங்கே வந்து சேர்ந்தான். சொல்ல வந்தது தொண்டை வரை முட்டிக்கொண்டு நிற்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. "இங்க பாரு" என்று ஆரம்பிப்பதற்குள் அவள் உதட்டில் விரல் வைத்தாள்.

"முதல்ல நடப்போம். அப்புறம் பேசலாம். நடுவுல வாயத் திறந்தா எல்லாம் போச்சு."

எனக்கு நாக்கு நமநமவென்றது. 'அது உங்கப்பா தொண்டை கட்டினப்ப விட்ட ரீல்டி' என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். அத்தானைப் பார்த்தேன். அவர் மைக்கைக் கழற்றினார், ஒலிபெருக்கியை அணைத்தார், தன்னோடு வந்த பயணிகளிடம் "கொஞ்ச நேரம் நீங்களே சுத்திப் பாருங்க" என்றார். மகளும் மருமகனும் கல்லை நோக்கி நடக்க, அவர்கள் பின்னாலேயே போய்விட்டார்.

நங்கூரக் கல்லை முதலில் அவள் தொட்டாள், பிறகு அவன். பாதை கடலோரச் சுவரை ஒட்டி வருவதால் என் ஜன்னலிலிருந்து முழுவதும் தெரியும். அவள் தரையைப் பார்த்து நடந்தாள். அவன் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக வந்தான். அத்தான் இரண்டடி பின்னால், கையைக் கட்டிக்கொண்டு. கடல் அன்று கொஞ்சம் முரண்டு பிடித்துக்கொண்டிருந்தது.

வாசலுக்கு நாலடி இருக்கும்போது, "ஏய், அலை" என்று கத்தி, அவன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். இழுத்தும் பயனில்லை, மூன்று பேரும் தொப்பலாக நனைந்தார்கள்.

"கெடுத்துட்டீங்களே. இதோ வந்தாச்சே வாசல்." அவள் குரல் உடைந்தது. ஒன்றுமில்லாத ஒரு கதைக்காக இவள் மறுபடி முறுக்கிக்கொண்டு போய்விடுவாளோ என்று உண்மையாகவே பயந்தேன்.

அவன் முகத்தை வழித்துவிட்டுக்கொண்டான். "கெட்டது கெட்டுப்போச்சு, சொல்லிடறேன். அந்த வீடு வேண்டாம்னு சொல்லியாச்சு. உன்னைக் கேக்காம பண்ணது என் தப்பு. இதச் சொல்லத்தான் ஓடி வந்தேன், நீ பேச விட்டாத்தானே?"

அவள் முந்தானையைப் பிழிவதை நிறுத்தினாள்.

"சரி, நீ என்ன நினைச்சுக்கிட்டு நடந்தே?"

"நீங்களா தப்புன்னு சொல்லணும்னு," என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அவனும் சேர்ந்துகொண்டான்.

மற்ற நாளாக இருந்தால் அத்தான் அந்த அலையைப் பற்றியே ஒரு பிரசங்கம் வைத்திருப்பார். அன்று அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், உதட்டை இறுக்கி மூடியபடி, தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அவர்களைத் தாண்டி வந்தார். வாசல்படியை இரண்டு காலாலும் கடந்த பிறகுதான் மூச்சு விட்டார். நான் வெந்நீரை நீட்டினேன்.

"கதையக் கட்டினதே நீங்க. நீங்க எதுக்கு அத்தான் பேசாம வந்தீங்க?" என்று காதோடு கேட்டேன்.

அவர் திரும்பி, சிரித்துக்கொண்டிருந்த மகளை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"பொண்ணு விஷயம்," என்றார். "எதுக்கு வம்பு?"