பாட்டு நின்றால் கடல் இல்லை

அனுமந்தைக் குப்பத்தில் பிறந்தும் கடலுக்குப் பயந்தவன் கண்ணாயிரம் ஒருத்தன்தான். அப்பனோடு முதல் தடவை கட்டுமரம் ஏறிய அன்றைக்கே குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தான். கரைக்கு வந்ததும், இனி செத்தாலும் ஏற மாட்டேன் என்று மணலில் உட்கார்ந்துவிட்டான். பிறகு மரக்காணம் உப்பளத்துக்கு வேலைக்குப் போனான். தண்ணீர் கணுக்காலுக்கு மேல் வராத இடமாகப் பார்த்துப் போய்விட்டான் என்று ஊரே கிண்டல் செய்தது. உண்மையும் அதுதான்.

ஆனால் பஞ்சாயத்து ரேடியோவின் முள்ளைத் திருப்பி, இரைச்சல் இல்லாமல் ஸ்டேஷன் பிடிக்க அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அதனால் ரேடியோ ரூம் சாவி அவன் இடுப்பில் தொங்கியது. மழைக்காலத்தில் உப்பள வேலை கிடையாது. பகலெல்லாம் அவன் அங்கேதான் கிடப்பான்; மற்ற மாதங்களில் மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடுவான். அவனிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. தேதிக்கு ஒரு பக்கம். அன்றைக்குப் பிறந்த வித்வான் யார், எந்தப் பாட்டு முதன்முதலாக ரிக்கார்டில் ஏறியது, எந்தக் கச்சேரியில் மழை கொட்டியும் ஜனம் எழுந்திருக்கவில்லை என்று, ரேடியோவில் கேட்டதும் சலூன் பேப்பரில் படித்ததுமாக எழுதி வைத்திருந்தான். தான் பிறந்த தேதி மட்டும் அவனுக்குத் தெரியாது.

ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. அதை உண்டாக்கியவனும் அவன்தான். மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு மெட்ராஸ் ஸ்டேஷனில் மீனவர்களுக்கான வானிலைச் செய்தி வாசிப்பார்கள். அலைச் சத்தத்திலும் வலை சரிபார்க்கிறவர்களின் பேச்சிலும் பாதி யார் காதிலும் விழாது. அதனால் செய்தி கெட்டதாக இருந்தால் கண்ணாயிரம் உடனே ரேடியோவை நிறுத்திவிடுவான். நல்லதாக இருந்தால் பாட்டு தொடரும். பாட்டு இருந்தால் கடல் உண்டு, பாட்டு நின்றால் கடல் இல்லை. நாலு வருஷமாக ஒரு தப்பும் நடக்கவில்லை.

எழுபத்து நாலு நவம்பரில் ஒரு நாள், நோட்டில் அன்றைய பக்கத்தில் ஆலக்குடி தங்கவேலு என்று இருந்தது. நாதஸ்வரக்காரர். அவர் பிறந்த நாளுக்காகப் பன்னிரண்டரையிலிருந்து ஒரு மணி நேரம் அவருடைய வாசிப்பைப் போடப்போவதாக சிலோன் ஸ்டேஷனில் முந்தின நாளே சொல்லியிருந்தார்கள். கண்ணாயிரம் முள்ளை அங்கே திருப்பினான். பாதியில் மெட்ராஸுக்கு மாற்றிவிட்டுத் திரும்பலாம் என்றுதான் நினைத்தான். தோடியில் அந்த மனுஷன் இறங்கியதும் இவன் கண்ணை மூடிக்கொண்டான். திறந்தபோது மணி ஒன்றரை.

நாதஸ்வரம் நிற்காமல் ஒலித்ததால், ஐந்து கட்டுமரங்கள் கடலில் இறங்கிவிட்டன.

மூன்று மணிக்கு உப்பளத்துக் கணக்குப்பிள்ளை சடையப்பன் சைக்கிளில் வந்து காலூன்றினார்.

"ஏம்பா கண்ணாயிரம், புயல்னு மத்தியானமே ரேடியோவுல சொல்லிட்டானே. உங்க ஆளுங்க யாரும் போவலயில்ல?"

"இல்லீங்க" என்று அவன் வாய் தானாகப் பொய் சொல்லிவிட்டது. அவர் போனதும் கரைக்கு ஓடினான். வாடைக்காற்று முகத்தில் அறைந்தது. கத்தினால் கத்தல் அவனுக்கே திரும்பி வந்தது.

காற்று மாறுவதைப் பார்த்து நாலு மரங்கள் பொழுது சாயுமுன் திரும்பின. சுப்ராயனும் அவன் தம்பி சிங்காரமும் போன மரம் வரவில்லை. சுப்ராயன் பெண்டாட்டி வசந்தா ஏழு மாச வயிற்றோடு ஈர மணலில் நின்றாள். சுற்றிலும் ஜனங்கள் ரேடியோக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். மெட்ராஸ் ரேடியோக்காரனை.

"புயல் வர்றது தெரியாம பாட்டு போட்டுக்கினு இருந்திருக்கான் பாரு" என்றாள் மங்கம்மா. அவள் சுப்ராயனைப் பெற்றவள்.

உண்மை தெரிந்தால் கண்ணாயிரத்தின் கையையும் காலையும் விட்டுவைக்க மாட்டார்கள். ஆனாலும் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க அவனால் முடியவில்லை. பக்கத்தில் போய், குரல் எழும்பாமல் சொன்னான்.

"வசந்தா, வானிலையே நான் வைக்கல. சிலோனுல நாதஸ்வரம் கேட்டுக்கினு இருந்துட்டேன்."

அவள் சுற்றிலும் நின்றவர்களைப் பார்த்தாள்.

"யார் கிட்டயும் சொல்லாதீங்கண்ணே. அடிச்சே கொன்னுடுவாங்க" என்றாள். "அவரு வரட்டும். வரலன்னா நானே சொல்றேன்."

அன்று இரவு முழுக்க அடித்த காற்றில் எது புயல், எது தன் நெஞ்சு என்று கண்ணாயிரத்துக்குத் தெரியவில்லை. ஓடிவிடலாமா என்று இரண்டு தடவை எழுந்தான். எங்கே போவது என்று தெரியாமல் இரண்டு தடவையும் உட்கார்ந்தான்.

மறுநாள் மதியம் பாண்டிச்சேரியிலிருந்து வந்த பஸ்ஸில் அண்ணனும் தம்பியும் இறங்கினார்கள். மரமும் வலையும் போய்விட்டன. ஒரு கட்டையைப் பிடித்துக்கொண்டு தெற்கே பெரிய முதலியார்சாவடியில் கரை ஒதுங்கியிருந்தார்கள். மங்கம்மா மகன்களைக் கட்டிக்கொண்டு அழுதாள். வசந்தா அழவில்லை. கண்ணாயிரத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

கடல் அடங்கி மறுபடி தொழில் தொடங்கிய அன்று, பன்னிரண்டரைக்கு அவள் ரேடியோ ரூமுக்கு வந்து தரையில் உட்கார்ந்தாள். வானிலைச் செய்தி முடிகிற வரைக்கும் கேட்டாள். பிறகு வெளியே போய் ஆண்களைப் பார்த்துத் தலையசைத்தாள். மறுநாளும் வந்தாள். புருஷன் பிழைத்து வந்த பயம் அவளுக்கு இன்னும் போகவில்லை என்று ஊர் நினைத்துக்கொண்டது. நாளாக ஆக, பாட்டு ஒலித்தாலும் அவள் தலையசைத்த பிறகே ஆட்கள் எழுந்தார்கள். கைக்குழந்தையோடு வந்தாள். குழந்தை நடக்கத் தொடங்கிய பிறகும் வந்தாள். ஒரு நாளும் அவனைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

எழுபத்தாறில் ஒரு நாள் அவளுக்குக் கடும் ஜுரம், வரவில்லை. அன்றைக்குக் கண்ணாயிரம் தனியாக உட்கார்ந்து செய்தி கேட்டான். கடல் அமைதியாக இருக்கும் என்றுதான் வாசித்தார்கள். அவனும் அப்படித்தான் கேட்டான். கேட்டது சரிதானா என்று வெகுநேரம் யோசித்தான். வெளியே ஆண்கள் துடுப்போடு காத்திருந்தார்கள்.

ரேடியோவை நிறுத்தினான். பளீரென்று வெயில் அடித்த அந்த நாளில் குப்பத்திலிருந்து ஒரு மரமும் இறங்கவில்லை.